வீடியோ விளையாட்டுக் கைக்கருவிகளின் ஆயுள்: ஒரு வரலாற்று நோக்கு

மக்கள் கையாண்ட கருவிகளைக் கொண்டே அவர்தம் வாழ்க்கை முறையை வரலாற்றாசிரியர் உய்த்துணர்வர். கற்கோடரியின் மழுங்கிய முனையும் திரிகைக் கல்லின் தேய்வும் அவற்றைக் கையாண்டோர் யாது தொழில் செய்தனர், எவ்வாறு செய்தனர் என்பவற்றைப் புலப்படுத்தும். அண்மைக் காலத்தில் அரும்பொருட் சாலைகளில் இடம்பெறத் தொடங்கிய பொருள்களுள் வீடியோ விளையாட்டுக் கைக்கருவியும் ஒன்றாகும். 'கொன்ட்ரோலர்' என மாணவரிடையே வழங்கும் இக்கருவியின் வரலாறு அரை நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்டதேயாம். எனினும், ஒரு பொருள் நெடுநாள் உழைப்பதற்கும் விரைவிற் கெடுவதற்கும் உரிய காரணங்களை இத்துணைத் தெளிவாகக் காட்டும் வரலாறுகள் சிலவே.

வலிய பொருளாற் செய்யப்பட்டது நெடுநாள் நிற்கும், மெலிய பொருளாற் செய்யப்பட்டது விரைவில் அழியும் என்பது பொதுவான கருத்து. கைக்கருவியின் வரலாறு இக்கருத்தை முற்றாக ஏற்கவில்லை. மேலுறை சிறிதும் சிதையாதிருக்கவும், உள்ளே ஒரு சிற்றுறுப்புத் தேய்ந்தமையாற் பயனற்றுப்போன கைக்கருவிகள் மிகப் பல. எனவே ஈண்டு இரு வினாக்கள் முதன்மை பெறுகின்றன. கையின் அசைவு மின்குறிப்பாக மாறும் இடத்தில் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பை அழுத்துகின்றதா, அன்றி உராய்கின்றதா என்பது முதலாவது. கெட்ட உறுப்பை உடையவரே மாற்றிக்கொள்ள இயலுமா என்பது இரண்டாவது. இவ்விரு வினாக்களையும் துணையாகக் கொண்டு நோக்கின், ஒன்றோடொன்று தொடர்பற்றனபோல் தோன்றும் பல செய்திகள் ஓர் ஒழுங்கிற்கு வருதலைக் காணலாம்.

வீட்டுத் தொலைக்காட்சித் திரையில் விளையாடும் முறையை ஐக்கிய அமெரிக்காவில் முதன்முதல் வகுத்தவருள் தலையாயவர் ரால்ஃப் பேயர் என்னும் பொறியியலாளர். அவர் 1966 ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சியின் பயனாகத் தோன்றிய 'பழுப்புப் பெட்டி' என்னும் மாதிரிப் பொறி, வாசிங்டன் நகரிலுள்ள அமெரிக்க வரலாற்றுத் தேசிய அரும்பொருட் சாலையிற் பேணப்பட்டு வருகின்றது. அதன் வழிவந்த 'ஒடிசி' என்னும் பொறியை 1972 இல் மக்னவொக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது. அதனை விளையாடுவோர் திருகிய குமிழ்களின் உள்ளே இருந்தது மாறுந்தடையாகும். காபன் படிந்த வளைந்த தடம் ஒன்றின்மீது சிறிய உலோக நா ஒன்று உராய்ந்து செல்லும். நா நிற்கும் இடத்திற்கேற்ப மின்தடை கூடும் அல்லது குறையும். திரையிலுள்ள ஒளிப்புள்ளியும் அதற்கேற்ப நகரும்.

இம்முறை எளிது, மலிவு, நுட்பமான அசைவையும் உணர்த்த வல்லது. ஆயின் உராய்வு அதன் உயிரிலேயே கலந்துள்ளது. நா செல்லுந்தோறும் தடம் தேய்கின்றது. தேய்வினால் எழும் துகளும் வெளியிலிருந்து புகும் தூசியும் தடத்திற் படிகின்றன. பழைய வானொலிப் பெட்டியின் ஒலிக்குமிழைத் திருகும்போது எழும் கரகரப்பொலிக்குக் காரணமும் இதுவே. வானொலியில் ஒலியாக வெளிப்பட்ட குறை வீடியோ விளையாட்டில் நடுக்கமாக வெளிப்பட்டது. குமிழை அசையாது பிடித்திருப்பினும் திரையிலுள்ள மட்டை துள்ளி நடுங்கும். பிற்காலத்தே பெருவழக்காய் எழுந்த முறைப்பாடுகளின் வித்து, இத்தொழில் தோன்றிய அன்றே ஊன்றப்பட்டுவிட்டது எனல் மிகையன்று.

1977 ஆம் ஆண்டில் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட வீட்டுப் பொறியோடு வேறொரு நெறி பரவலாயிற்று. குமிழுடன், 'ஜோய்ஸ்டிக்' எனப்படும் இயக்குதண்டும் அப்பொறிக்கு வழங்கப்பட்டது. கறுத்த நாற்சதுரப் பீடமும், நடுவே இறப்பர் போர்த்த தண்டும், மூலையில் ஒரு செந்நிறப் பொத்தானும் உடைய அவ்வடிவம் இன்றும் பலர் நினைவில் உள்ளது. அதன் உள்ளமைப்பு மிக எளியது. மின்சுற்றுப் பலகையின்மீது கவிழ்த்த கிண்ணம் போன்ற ஐந்து மெல்லிய உலோகத் தகடுகள் உள்ளன. நான்கு திசைகளுக்கு நான்கு, பொத்தானுக்கு ஒன்று. தண்டைச் சாய்த்தால் உரிய தகடு அமிழ்ந்து மின்சுற்றை இணைக்கும். விட்டால் மீண்டும் மேலெழும். இங்கு நிகழ்வது அழுத்தமேயன்றி உராய்வன்று. இஃது எவ்வளவு சாய்ந்தது என்பதை உணர்த்தாது, சாய்ந்ததா இல்லையா என்பதை மட்டுமே உணர்த்தும். நுட்பத்தில் இழந்ததை உழைப்பில் ஈட்டியது எனலாம்.

ஆயினும் இத்தண்டும் அழியாப் பொருளன்று. உள்ளேயிருந்த பிளாத்திக்குப் பகுதி வெடிக்கும், இறப்பர் உறை கிழியும். ஆனால் திருகாணிகளைக் கழற்றினால் அதன் உறுப்புகள் அனைத்தும் வெளிப்படும். கெட்ட பகுதியை மாற்றுதல் சிறுவர்க்கும் இயல்வதாயிற்று. மேலும், அக்கருவி ஒன்பது முனைச் செருகியினாற் பொறியோடு இணைக்கப்பட்டது. அதே வடிவச் செருகியை 1982 இல் வந்த கொமடோர் 64 முதலிய கணினிகளும் ஏற்றமையால், ஒரு நிறுவனத்தின் தண்டு மற்றொரு நிறுவனத்தின் பொறியிற் பயன்பட்டது. தாய்ப்பொறி மறைந்த பின்னரும் கைக்கருவி வாழ்ந்தமைக்கு இப்பொதுமை ஒரு காரணமாகும்.

கைக்கருவியின் ஆயுளை அதனை ஆக்கியோர் மட்டும் வரையறுப்பதில்லை. விளையாட்டை ஆக்கியோரும் வரையறுக்கின்றனர். 1983 இல் யப்பானியரின் கொனாமி நிறுவனம் 'ட்ராக் அன்ட் ஃபீல்ட்' என்னும் ஓட்டப்பந்தய விளையாட்டை வெளியிட்டது. பொத்தான்களை எத்துணை விரைவாக மாறிமாறி அழுத்தினரோ அத்துணை விரைவாகத் திரையிலுள்ள வீரன் ஓடுவான். அடுத்த ஆண்டில் பிரித்தானியாவின் ஓஷன் நிறுவனம், ஒலிம்பிக் வீரரான டேலி தொம்சனின் பெயரால் வெளியிட்ட விளையாட்டில் இயக்குதண்டை இடமும் வலமுமாக வேகமாக ஆட்ட வேண்டியிருந்தது. தண்டுகளை முறிக்கும் விளையாட்டு என அது பெயர் பெற்றது. இக்கொடுமைக்கு ஈடுகொடுத்தவை நுண்ணாளி பொருத்திய தண்டுகளாம். 'மைக்ரோசுவிச்' எனப்படும் இவ்வாளியைப் பீற்றர் மக்கோல் என்பவர் 1932 இல் இலினோய் மாநிலத்து ஃப்ரீபோர்ட் நகரில் ஆக்கினார். வளைந்த உலோகத் தகடு ஒன்று 'கிளிக்' என்னும் ஒலியுடன் சட்டெனப் புரண்டு மின்சுற்றை இணைப்பது அதன் இயல்பு. தொழிற்சாலைப் பொறிகளுக்கென எழுந்த உறுப்பு சிறுவர் விளையாட்டுக்குத் துணையானமை கருதத்தக்கது.

அழுத்தும் நெறியை விட்டு உராயும் நெறிக்கு முற்படத் திரும்பிய நிறுவனம் அட்டாரியே. 1982 இல் அது வெளியிட்ட '5200' என்னும் பொறியின் கைக்கருவி, எண்பொத்தான்களும் மாறுந்தடைத் தண்டும் ஒருங்கே உடையது. தண்டை விட்டால் தானே நடுநிலைக்கு மீளாது. பொத்தான்களின் கீழிருந்த நெகிழ்படலத்தின் காபன் தொடுகைகள் விரைவிற் பழுதுற்றன. புதுமைகள் பல நிறைந்திருந்தும் கைக்கருவியின் கேடு அப்பொறியின் மதிப்பைப் பெரிதுங் குறைத்தது. 1984 இல் அதன் ஆக்கம் நிறுத்தப்பட்டது. அன்று அமெரிக்க வீடியோ விளையாட்டுத் தொழில் முழுவதுமே வீழ்ச்சியுற்றிருந்தமையால், கைக்கருவி ஒன்றையே அதன் முடிவுக்குக் காரணமாகக் கூறல் பொருந்தாது. எனினும், பிற்காலத்து அன்பர்கள் அத்தொடுகைகளுக்குப் பொன்முலாம் பூசிய மாற்றுறுப்புகளைச் செய்து பொருத்தியே அக்கருவிகளை உயிர்ப்பித்தனர் என்பது, குறை எங்கிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

அதே 1982 இல் யப்பானில் நின்டெண்டோ நிறுவனத்தைச் சார்ந்த குன்பெய் யோக்கோய், 'டொங்கி கொங்' என்னும் கையடக்கப் பொறியிற் சிலுவை வடிவான திசைப்பொத்தானை அமைத்தார். நீண்ட தண்டு வேண்டப்படவில்லை. பெருவிரலின் சிறு அழுத்தமே போதுமாயிற்று. 1983 யூலை 15 அன்று யப்பானில் வெளிவந்த 'ஃபமிக்கொம்' என்னும் வீட்டுப் பொறியின் கைக்கருவிகளும் இவ்வமைப்பையே ஏற்றன. பொத்தானின் கீழ் மெல்லிய இறப்பர்க் குமிழி ஒன்று. அதன் அடியிற் காபன் கலந்த சிறு வில்லை ஒன்று. அழுத்தும்போது அவ்வில்லை மின்சுற்றுப் பலகையின் இரு தடங்களை இணைக்கும். இறப்பரே சுருள்வில்லாகவும் தொடுகையாகவும் தொழிற்படுவதால், தேயும் உறுப்பு அஃதொன்றே எனலாம். அதனை மாற்றுதலும் எளிது.

ஆனால் ஃபமிக்கொம் பொறியிலும் குறை இல்லாமலில்லை. முதலில் வெளிவந்த கைக்கருவிகளின் சதுர வடிவ இறப்பர்ப் பொத்தான்கள் அழுந்தியவாறே சிக்கிக்கொண்டன. அவற்றைக் கைவிட்டு வட்ட வடிவான பிளாத்திக்குப் பொத்தான்களை நிறுவனம் பொருத்தியது. மேலும், அக்கைக்கருவிகளின் கம்பி செருகி வழியாகவன்றிப் பொறியினுள்ளேயே இணைக்கப்பட்டிருந்தமையால், கைக்கருவி கெட்டால் பொறியையே திறக்க வேண்டியிருந்தது. 1985 இல் அமெரிக்காவுக்குச் சென்ற வடிவத்திற் செருகியும் பொதுவான திருகாணிகளும் இடம்பெற்றன. நாற்பது ஆண்டு கடந்தும் அவ்வகைக் கைக்கருவிகள் பல, இறப்பரைத் துடைத்தோ மாற்றியோ பயன்படுத்தப்படுகின்றன.

இவ்வாறு உறுதிபெற்ற நெறி 1996 ஆம் ஆண்டிற் பெரியதொரு திருப்பம் கண்டது. விளையாட்டுகள் தட்டையான திரைக்காட்சியினின்று முப்பரிமாண உலகிற்குச் சென்றன. மெல்ல நடத்தலையும் விரைந்து ஓடுதலையும் வேறுபடுத்தியுணர்த்தச் சிலுவைப் பொத்தானால் இயலவில்லை. எனவே சாய்வின் அளவை உணர்த்தும் தண்டு மீண்டும் வேண்டப்பட்டது. அவ்வாண்டு யூன் மாதத்தில் வந்த நின்டெண்டோ 64 இன் தண்டு மாறுந்தடையைக் கையாளவில்லை. சிறு சக்கரங்களின் சுழற்சியை ஒளியினாற் கணக்கிடும் முறையைக் கையாண்டது. ஆகவே மின்தொடுகை தேயவில்லை. ஆயின் தண்டின் அடிப்பகுதி பிளாத்திக்குக் கிண்ணமொன்றில் உராய்ந்தது. கிண்ணம் குழிந்தது, வெண்பொடி உதிர்ந்தது, தண்டு தளர்ந்து சாய்ந்தது. உராய்வு ஓரிடத்தில் விலக்கப்பட்டு மற்றோரிடத்தில் புகுந்தமைக்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது.

1998 திசெம்பரில் யப்பானிலும் அடுத்த ஆண்டில் அமெரிக்காவிலும் வெளியான 'மாரியோ பார்ட்டி' அத்தண்டை மிக விரைவாகச் சுழற்றுமாறு பணித்தது. சிறுவர் உள்ளங்கையால் அழுத்திச் சுழற்றினர். தண்டுகள் தேய்ந்தன, உள்ளங்கைகளும் புண்பட்டன. நியூயோர்க்கு மாநிலச் சட்டமா அதிபரின் விசாரணையைத் தொடர்ந்து, 2000 ஆம் ஆண்டில் நின்டெண்டோ காப்புக் கையுறைகளை வழங்க உடன்பட்டது. தொடர்ந்து வந்த 'மாரியோ பார்ட்டி 2' இல் அத்தகைய சுழற்று விளையாட்டுகள் பெரும்பாலும் தவிர்க்கப்பட்டன. கருவியின் தேய்வும் கையின் காயமும் ஒரே காரணத்தினின்று பிறந்தமை இந்நிகழ்ச்சியின் பாடமாகும்.

1997 இல் சோனி நிறுவனம் இரு தண்டுகள் கொண்ட கைக்கருவியை வெளியிட்டது. அதன் தண்டுகள் சிறிய மாறுந்தடைகளையே கொண்டிருந்தன. அளவிற் சிறுத்தும் விலையிற் குறைந்தும் பெருந்தொகையாகவும் கிடைத்தமையால் அம்முறையே உலகெங்கும் பரவியது. அல்ப்ஸ் என்னும் யப்பானிய நிறுவனம் ஆக்கும் இவ்வகை உறுப்பு ஒன்றுக்கு 20 இலட்சம் அசைவுகள் வரை உறுதி கூறப்பட்டுள்ளது. இவ்வெண் பெரிதாகத் தோன்றலாம். நிமிடத்திற்கு 60 அசைவுகள் எனக் கொண்டால் மணிக்கு 3,600 ஆகும். அவ்வாறாயின் ஏறத்தாழ 555 மணி நேரத்தில் அவ்வெல்லை எய்தப்படும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் விளையாடுவோர்க்கு இஃது ஓராண்டுக்கும் குறைந்த காலமேயாம். எல்லை கடந்தவுடன் உறுப்புக் கெட்டேவிடும் என்பதன்று. அதற்குமேல் ஆக்கியோரின் உறுதிமொழி இல்லை என்பதே பொருள்.

இதற்கு மாற்றுவழி அன்றே அறியப்பட்டிருந்தது என்பதுதான் வியப்புக்குரியது. 1879 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக மாணவராயிருந்த எட்வின் ஹோல் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். மின்னோட்டம் செல்லும் கடத்தியின் குறுக்கே காந்தப்புலம் அமையுமாயின், அக்கடத்தியின் இரு பக்கங்களுக்கிடையே சிறு மின்னழுத்தம் தோன்றும் என்பதே அது. 'ஹோல் விளைவு' என வழங்கும் இதன் துணைகொண்டு, காந்தம் எவ்வளவு நகர்ந்தது என்பதைத் தொடாமலே அளக்கலாம். சேகா நிறுவனம் 1996 இல் 'சற்றேண்' பொறிக்கும், 1998 இல் 'ட்ரீம்காஸ்ட்' பொறிக்கும் ஆக்கிய கைக்கருவிகளில் இம்முறையையே கையாண்டது. தொடுகை இல்லாதவிடத்து மின்தடம் தேய்வதும் இல்லை. சுருள்வில்லின் தளர்ச்சி போன்ற குறைகள் எஞ்சினும், தலையாய குறை நீங்கிற்று. ஆயின் 2001 சனவரி 31 அன்று சேகா தன் வீட்டுப் பொறியின் ஆக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. பொறியின் தோல்வி வாணிகத் தோல்வியே, கைக்கருவியின் தோல்வியன்று. எனினும் தாய்ப்பொறியோடு அந்நல்ல முறையும் பெருநிறுவனங்களின் வழக்கினின்று மறைந்தது. சிறந்தது நிலைக்கும் என்பது வரலாற்றில் எப்போதும் மெய்ப்படுவதில்லை.

விளைவு 2017 மார்ச்சு 3 இல் வெளிவந்த 'ஸ்விட்ச்' பொறியின் 'ஜோய்கொன்' கைக்கருவிகளில் முதிர்ந்து வெளிப்பட்டது. மிகச் சிறியனவாகிய அவற்றின் தண்டுகளில், காபன் தடத்தின்மீது உலோகத் தொடுகை உராய்ந்து செல்கின்றது. தண்டைத் தொடாதபோதும் திரையிலுள்ள உரு தானே நகரும் குறையைப் பலர் கண்டனர். 'டிரிஃப்ட்' என்பது அதற்கு வழங்கிய பெயர். 1972 இல் மட்டையை நடுங்கச் செய்த அதே காரணம் 45 ஆண்டுகள் கழித்து மீண்டும் தலைகாட்டியது எனலாம்.

2019 யூலையில் அமெரிக்காவில் நுகர்வோர் சார்பாக வழக்குத் தொடரப்பட்டது. 2020 யூனிற் பங்குதாரர் கூட்டத்தில் நின்டெண்டோவின் தலைவர் சுந்தாரோ ஃபுருகாவா, வாடிக்கையாளர்க்கு ஏற்பட்ட இடர்ப்பாட்டிற்கு வருத்தம் தெரிவித்தார். வழக்கு நடைபெறுவதால் மேலும் கூற மறுத்தார். 2021 சனவரியில் ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பு, ஏறத்தாழ 25,000 முறைப்பாடுகளைத் திரட்டி ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறையிட்டது. அவற்றுள் 88 சதவீதமானவை இரண்டாண்டுக்குள் நேர்ந்த பழுதுகள் பற்றியன. 2022 திசெம்பரில் பிரித்தானிய நுகர்வோர் அமைப்பான 'விச்' வெளியிட்ட ஆய்வு, பழுதுற்ற தண்டுகளின் உள்ளே தேய்வையும் தூசியையும் கண்டு, பொறியமைப்பின் குறையே இதற்குக் காரணமெனக் கருதியது. 2023 ஏப்பிரிலில், காப்புறுதிக் காலம் கடந்த பின்னரும் இக்குறையை ஐரோப்பிய நாடுகளில் இலவசமாகச் சீர்செய்து தருவதாக நிறுவனம் ஆணைக்குழுவுக்கு உறுதியளித்தது. தேய்வின் செலவை ஏற்க வேண்டியவர் வாங்கியவரா, விற்றவரா என்னும் வினாவுக்கு ஒரு விடை இவ்வாறு கிடைத்தது.

வாணிகத்துறையும் இதனால் அசைவுற்றது. சேகா கைவிட்ட காந்த முறையைச் சீன நிறுவனங்கள் மீண்டும் கையிலெடுத்து, ஜோய்கொன்னுக்குரிய மாற்றுத் தண்டுகளைத் தனியே விற்கலாயின. 2023 சனவரியிற் சோனி வெளியிட்ட 'டுவல்சென்ஸ் எட்ஜ்' என்னும் விலையுயர்ந்த கைக்கருவியில், தண்டுப்பகுதியை உடையவரே கழற்றி மாற்றலாம். ஆயின் 2025 யூனில் வந்த 'ஸ்விட்ச் 2' இன் கைக்கருவிகள் ஹோல் விளைவைக் கையாளவில்லை. ஆகவே நல்வழி அறியப்பட்டும் பொதுவழி ஆகவில்லை.

தண்டின் குறையேயன்றி வேறொரு குறையும் கருதற்பாலது. கம்பியற்ற கைக்கருவிகள் பெருகியதும் மின்கலம் அவற்றின் ஆயுளில் இடம்பெற்றது. 2005 இல் வந்த 'எக்ஸ்பொக்ஸ் 360' இன் கம்பியற்ற கைக்கருவி கடைகளிற் கிடைக்கும் சாதாரண மின்கலங்களாலும் இயங்கியது. 2006 இற் சோனி வெளியிட்ட கைக்கருவியோ இலிதிய மின்கலத்தை உள்ளே அடைத்திருந்தது. இலிதிய மின்கலம் பயன்படுத்தாது வைத்திருப்பினும் முதுமையடையும். பெட்டியிலிட்டுப் பேணுவதே ஒரு பொருளைக் காக்கும் என்னும் எண்ணம் இங்கே பொய்த்துவிடுகின்றது. 2023 இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய மின்கலச் சட்டம், கையடக்கச் சாதனங்களின் மின்கலங்களைப் பயனாளரே கழற்றக்கூடியதாக அமைத்தல் 2027 பெப்புருவரி 18 முதல் கட்டாயமாகும் என விதித்தமை இத்துறையில் ஒரு திருப்பமாகும்.

இவையெல்லாம் சிறுவர் விளையாட்டுப் பற்றிய சிறு செய்திகளென ஒதுக்குதல் தகாது. ஒரு விளையாட்டின் நிரலைப் பழுதின்றிப் பலமுறை படியெடுக்கலாம். கைக்கருவியை அவ்வாறு படியெடுத்தல் இயலாது. ஏட்டுச்சுவடியைப் படியெடுத்தோர் சொல்லைக் காத்தனரேயன்றி எழுத்தாணி பிடித்த கையின் பழக்கத்தைக் காக்கவில்லை. அதுபோல, கைக்கருவி அழியின், ஒரு தலைமுறையினர் எவ்வாறு விளையாடினர் என்னும் அறிவும் உடன் அழியும். 2001 இல் வெளியான 'சூப்பர் சுமாஷ் பிறதர்ஸ் மிலீ' என்னும் விளையாட்டின் போட்டியாளர், அக்காலத்துக் கேம்கியூப் கைக்கருவியைப் பல்லாண்டு கழிந்த பின்னரும் கைவிடவில்லை. அவர்தம் வேண்டுகை நோக்கி நின்டெண்டோ 2014 இலும் 2018 இலும் அக்கருவியை மீண்டும் வெளியிட்டது. பயன்படுத்துவோர் பேணிய பொருளை ஆக்கியோரும் பேண நேர்ந்தமைக்கு இஃது ஒரு சான்று.

தொகுத்து நோக்குமிடத்து, கைக்கருவியின் ஆயுளைத் தீர்மானிப்பவை மூன்று எனத் துணியலாம். அழுத்தும் உறுப்பு நெடுநாள் உழைக்கும், உராயும் உறுப்புத் தேயும் என்பது இயற்கையின் விதி. திறந்து சீர்செய்யத்தக்கது தேய்ந்தும் வாழும், திறக்கவியலாதது சிறு குறையாலும் மாளும் என்பது அமைப்பின் விதி. நல்வழி அறியப்பட்டிருப்பினும், வாங்குவோர் கேட்டாலன்றி அது கைக்கொள்ளப்படுவதில்லை என்பது சமுதாயத்தின் விதி. இயற்கையின் விதியை மாற்றவொண்ணாது. ஏனைய இரண்டும் மக்கள் கையில் உள்ளன. பழுதுற்ற கருவியை எறியுமுன் அதன் திருகாணியைக் கழற்றி உள்ளே நோக்கும் மாணவன், பொறியியலை மட்டுமன்றி வரலாற்றையும் கற்பவனாவான்.